விடியற்காலையில் ரத்தம் எடுப்பவர் எங்கே குடியிருக்கிறார்?

சென்னையில் தனியார் பரிசோதனைக்கூடம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள லேப் உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,



புதிதாகச் சேரும் டெக்னீஷியனுக்கு என்ன சம்பளம் என்று முடிவு செய்யும்போது நீங்கள் பல விஷயங்களைப் பார்க்கிறீர்கள். பக்கத்துத் தெரு லேபில் என்ன கொடுக்கிறார்கள், வந்திருப்பவர் டி.எம்.எல்.டி.யா பி.எஸ்சி.யா, ரத்தம் எடுக்கக் கை பழகியிருக்கிறதா, எத்தனை நாள் தங்குவார். இவற்றோடு இன்னொன்றையும் பார்க்கச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன். காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்க வேண்டிய அந்தப் பெண்ணோ பையனோ, ஐந்தே முக்காலுக்கு வாசலில் வந்து நிற்கக்கூடிய தூரத்தில் ஓர் இடம் பிடித்து, மூன்று வேளை சாப்பிட்டு, வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்பி வாழ மாதம் எவ்வளவு ஆகும்? உங்கள் சம்பளக் கணக்கு அந்தத் தொகையிலிருந்து தொடங்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை. மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

நானும் லேபில் நின்று வேலை பார்த்தவள். இப்போது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். படிப்பை முடித்துப் போகிற பிள்ளைகள் நேர்காணல் முடிந்ததும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். "மேடம், சம்பளம் பதினாலு சொல்றாங்க. பக்கத்துல ஹாஸ்டல் விசாரிச்சேன், ஏழு சொல்றாங்க. போகட்டுமா?" தென்காசியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் வந்து படித்த பிள்ளைகள். ஊரின் பெயர் மாறும், கேள்வி மாறுவதில்லை. போ என்று சொல்லவும் மனம் வரவில்லை, போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

அந்தப் பதினாலாயிரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒழுங்காகப் பிடித்தம் செய்கிற லேப் என்றே வைத்துக்கொள்வோம். பி.எஃப். பன்னிரண்டு விழுக்காடு, 1,680 ரூபாய். ஈ.எஸ்.ஐ. முக்கால் விழுக்காடு, 105 ரூபாய். கைக்கு வருவது 12,215. நான்கு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில், சாப்பாட்டோடு ஏழாயிரம். மீதி 5,215. அதில் பஸ், செல்போன், சோப்பு, மாதவிடாய்க்கு நாப்கின், ஹாஸ்டல் சாப்பாடு தீர்ந்துபோன இரவுகளில் கடைத் தோசை, ஊருக்குப் போய்வர இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பஸ் டிக்கெட். படிப்புக்கு வாங்கிய கடன் இருந்தால் தவணை. அப்பா அம்மாவுக்கு மூவாயிரம் அனுப்பினால் அந்த மாதம் காய்ச்சலே வரக்கூடாது. ரத்தம் பரிசோதிக்கிறவள் தன் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளக் காசில்லாமல் இருக்கிறாள் என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ரத்தசோகையோடு வேலை பார்க்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய ஹீமோகுளோபின் எண்ணை அவர்களே மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த டியூபை எடுக்கிறார்கள்.

இது தனியாக இருக்கிற பிள்ளையின் கணக்கு. கல்யாணம் ஆகி ஒரு குழந்தையோடு குடித்தனம் என்றால் ஹாஸ்டல் உதவாது. பத்தாயிரம் வாடகைக்கு ஒரு சின்ன போர்ஷன் கிடைத்தாலும் வீட்டுக்காரர் கேட்பது பத்து மாத அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. 2019லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சென்னையில் வீடு தேடி அலைந்தவர் எவரும் அந்தச் சட்டத்தைச் சொல்லி வீடு பிடித்ததாக நான் கேட்டதில்லை. ஒரு லட்சம் அட்வான்ஸ் என்பது பதினாலாயிரம் வாங்குபவரின் ஏழு மாதச் சம்பளத்துக்கும் மேலே. அதற்கு வட்டிக்கு வாங்குகிறார்கள், தாலிக்கொடியை வைக்கிறார்கள். அதற்குப் பிறகு கரண்டுக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தனியாக ஒரு ரேட் போடுகிறார். அரசு தரும் நூறு யூனிட் இலவசம் பல வாடகைக் குடித்தனங்களுக்கு வந்து சேர்வதே இல்லை. குடிக்கத் தண்ணீர் கேன். கோடை வந்தால் லாரித் தண்ணீரில் பங்கு.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ரேஷன் அரிசி இருக்கிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து டிக்கெட் இல்லை. அது எங்கள் பெண்களுக்கு உண்மையான உதவி, மாதம் சில நூறுகள் மிச்சம். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்தான். ஆனால் அது திறப்பது ஏழு மணிக்கு. எங்கள் ஆட்கள் அப்போது பத்தாவது நோயாளியின் கையில் டூர்னிகே கட்டிக்கொண்டிருப்பார்கள். ரேஷன் கார்டு ஊர் முகவரியில் இருக்கிறது. நகரம் தருகிற சலுகைகள்கூட அந்த விடியற்கால வேலை நேரத்தில் வந்து இடிக்கின்றன.

நேரம்தான் இந்த வேலையின் தனித்தன்மை. சம்பளத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் இதைப் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மற்ற அலுவலகங்களுக்கு ஒன்பதரைக்குப் போனால் போதும். தூரத்தில் குறைந்த வாடகைக்கு வீடு பிடித்து, மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து சமாளிக்கலாம். திருநின்றவூரும் பொன்னேரியும் கூடுவாஞ்சேரியும் அப்படி வளர்ந்த ஊர்கள்தான். லேபுக்கு அது ஒத்துவராது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிற சர்க்கரை நோயாளிகள் ஆறு மணிக்கே வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் முதியவர்கள், நேரம் தள்ளினால் மயங்கி விழுவார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால் அதிலுள்ள அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும், மணிக்கு ஐந்து முதல் ஏழு விழுக்காடு வரை எண் இறங்கிவிடும். அதனால் வந்த வேலையை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கவும் முடியாது. முதல் நோயாளிக்கு முன்னால் மெஷினைப் போட்டு, கன்ட்ரோல் ஓட்டி, அளவுகள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று சரிபார்த்திருக்க வேண்டும். அதற்காகவே முன்னதாக வந்தாக வேண்டும்.

சின்ன லேப்களில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. காலை ஆறிலிருந்து ஒன்று வரை, பிறகு மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை. டாக்டர்கள் சாயங்காலம் கிளினிக்கில் உட்காருவதால் லேபும் அப்படி இரண்டாகப் பிளந்த வேலைநாளை வைத்திருக்கிறது. ஒன்றுக்கு வெளியே வந்து, திருவள்ளூர் வரை ரயிலில் போய், மறுபடி ஐந்துக்குள் திரும்ப முடியுமா? முடியாது. போகாமல் அங்கேயே சுருண்டு படுக்கிறார்கள், ரிசப்ஷன் பெஞ்சில், ஸ்டோர் ரூமில் ரீஏஜென்ட் பெட்டிகளுக்கு நடுவே. காகிதத்தில் பதினோரு மணி நேரம், உண்மையில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல். ஆக, உங்கள் தொழிலின் அமைப்பே டெக்னீஷியனைப் பக்கத்தில் குடியிருக்க வைக்கிறது. வடபழனியில் லேப் என்றால் வடபழனியிலோ கோடம்பாக்கத்திலோ, வேளச்சேரியில் லேப் என்றால் வேளச்சேரியிலோ அதைத் தாண்டி ஒரு ஸ்டாப்பிலோ. அங்கே வாடகை ஏறியதற்கு அவர் காரணமில்லை. அங்கே இருக்க வேண்டும் என்ற தேவை உங்களுடையது. தேவை யாருடையதோ, செலவில் பங்கும் அவருடையது என்பதுதானே நியாயம்?

"சந்தையில் இந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறார்களே" என்று ஒரு உரிமையாளர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். கெட்டவர் இல்லை, தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பவர். கிடைக்கிறார்கள் என்பது உண்மை. எத்தனை மாதம் இருக்கிறார்கள் என்று அவருடைய வருகைப் பதிவேட்டையே பார்க்கச் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் தொழிற்சாலைகள் பிளஸ் டூ முடித்த பெண்களுக்கே வேனும் தங்குமிடமும் தருகின்றன. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தங்குமிடத்தில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம், 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். தொழிற்சாலை ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்திருப்பதால் அரசும் நிறுவனமும் சேர்ந்து ஒரு கட்டடம் எழுப்ப முடிகிறது. லேபோ தெருவுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றிலும் நான்கைந்து பேர். அவர்களுக்கென்று யாரும் கட்டடம் கட்டப் போவதில்லை. தோழி விடுதிகள் போல அரசு நடத்தும் இடங்கள் நல்ல முயற்சி, ஆனால் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருக்கிற விடுதி அண்ணா நகர் லேபின் ஆறு மணிக்கு உதவாது. எனவே அந்தச் செலவு சம்பளத்துக்குள்தான் வர வேண்டும்.

சம்பளத்தை வாழ்க்கைச் செலவிலிருந்து கணக்கிடுவது நான் இன்று கண்டுபிடித்த யோசனை அல்ல. நம் நாட்டில் அதற்கு ஒரு முறையான வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் முதல் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், அதுவும் தமிழ்நாட்டு ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்டது என்பதை எங்கள் மாணவர்களிலேயே பலர் அறியமாட்டார்கள்.

குன்னூரில், பாஸ்டர் நிறுவன வளாகத்தில், 1918இல் ராபர்ட் மெக்கரிசன் ஊட்டச்சத்துக் குறைபாடுகளை ஆராயத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக 1935இலிருந்து 1945 வரை இருந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். கம்பு, கேழ்வரகு, துவரை, முருங்கைக்கீரை என்று இந்தியர்கள் உண்ணும் பொருட்கள் ஒவ்வொன்றிலும் என்ன சத்து எவ்வளவு என்று அந்தக் கூடத்தில் எடை போட்டு, எரித்து, கரைத்து அளந்தார்கள். 1937இல் அது அட்டவணையாக வெளிவந்தது. அந்த அட்டவணையின் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் மேசையருகே நின்று அளந்த உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. பின்னாளில் அந்த ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது.

1957இல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியபோது குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி வந்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட விடை இதுதான். வேலை பார்ப்பவர் ஒருவர், அவரை நம்பி ஒரு குடும்பம், எல்லோருமாக நான்கு பேர், உணவுக் கணக்கில் மூன்று நுகர்வு அலகுகள். வளர்ந்தவர் ஒருவருக்கு அய்க்ராய்ட் சொன்ன 2,700 கலோரி உணவு. நான்கு பேருக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அரசு தொழிலாளர் குடியிருப்பில் வாங்கும் குறைந்த வாடகை. எரிபொருள், விளக்கு போன்றவற்றுக்கு மொத்தக் கூலியில் இருபது விழுக்காடு. வேலை பார்ப்பவரின் பட்டத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பட்டத்துக்குரியது இதற்கு மேலே வர வேண்டியது. இது அடித்தளம் மட்டுமே.

அந்தக் கணக்கில் விடுபட்டதைச் சேர்த்த தீர்ப்பு சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் வந்தது. ரெப்டகோஸ் பிரெட் என்ற மருந்து நிறுவனத்தின் சென்னை ஆலைத் தொழிலாளர்கள், தங்கள் அகவிலைப்படி முறையை நிர்வாகம் மாற்றியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1991இல் வந்த தீர்ப்பு, 1957இன் ஐந்து அம்சங்களோடு குழந்தைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்சக் கூலியில் இன்னொரு இருபத்தைந்து விழுக்காடு இருக்க வேண்டும் என்றது. மருந்து செய்கிற தொழிலாளர் வாங்கித் தந்த நீதி அது. நோயைக் கண்டுபிடிக்கிற தொழிலாளரான எங்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

ஏழாவது ஊதியக்குழு இதே அய்க்ராய்ட் முறையை வைத்துத்தான் மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு மாதம் 18,000 அடிப்படைச் சம்பளம் என்று கணக்கிட்டது. 2016 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அதற்கு மேலே. வீட்டு வாடகைப்படியை இங்கே கவனியுங்கள், என் வாதத்தின் நடுத்தூண் அதுதான். ஊருக்கு ஊர் வாடகை வேறு என்பதை மத்திய அரசு ஒப்புக்கொண்டு நகரங்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. சென்னை முதல் வகை. கோவை, மதுரை, திருச்சி, சேலம் போன்றவை இரண்டாம் வகை. மற்றவை மூன்றாம் வகை. 2017இல் அடிப்படைச் சம்பளத்தில் முறையே 24, 16, 8 விழுக்காடு என்று தொடங்கி, அகவிலைப்படி ஐம்பது விழுக்காட்டைத் தொட்ட 2024இல் 30, 20, 10 ஆனது. 18,000இல் 24 விழுக்காடு 4,320தான் வரும், அது சென்னை போன்ற ஊரில் போதாது என்று கண்டு, முதல் வகை நகரத்தில் எவருக்கும் 5,400க்குக் குறையக்கூடாது என்று ஒரு தரையையும் போட்டார்கள். கடைநிலை ஊழியருக்கு வாடகைக்கென்றே தனியாக 5,400 ரூபாய், 2017இல். உங்கள் லேபில் இரண்டு ஆண்டு படித்துச் சான்றிதழ் வாங்கியவரின் சம்பளச் சீட்டில் வாடகைக்கென்று ஒரு வரி இருக்கிறதா?

குறைந்தபட்சக் கூலி தருகிறோமே என்பீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட தொழில்களின் பட்டியலில் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து அகவிலைப்படி மாறும். அதையும் தராதவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பேச வேண்டியது தொழிலாளர் துறை. தருகிறவர்களிடம்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். குறைந்தபட்சக் கூலி என்பது அதற்குக் கீழே போனால் குற்றம் என்று போட்ட கோடு. அந்தக் கோட்டின் மேலேயே சம்பளத்தை உட்கார வைத்துவிட்டு, சட்டப்படி தருகிறேன் என்று ஒருவர் நிம்மதியாக இருக்க முடியுமா? குறியீட்டெண் விலையின் ஏற்றத்தைச் சொல்லும். ஆனால் புதிதாக ஊர் விட்டு வந்து இன்று வீடு தேடுகிற பெண்ணிடம் இன்றைய வாடகையைக் கேட்கிறார்கள், பழைய குடித்தனக்காரரின் வாடகையை அல்ல.

இனி, இந்தச் சம்பளத்தால் உங்களுக்கும் நோயாளிக்கும் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டெங்கு காலத்தில் ஒரு சிறுவனின் ரத்தம் வருகிறது. மெஷின் தட்டணு நாற்பதாயிரம் என்று காட்டுகிறது. நல்ல டெக்னீஷியன் அந்த எண்ணை அப்படியே டைப் செய்ய மாட்டார். ஒரு துளியை ஸ்லைடில் இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பார். ஊதா மூடி டியூபில் இருக்கிற ஈ.டி.டி.ஏ. சிலருடைய ரத்தத்தில் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். மெஷின் அந்தக் கொத்துகளைத் தட்டணுவாக எண்ணாது. ஸ்லைடில் கொத்துகள் தெரிந்தால் நீல மூடி சிட்ரேட் டியூபில் மறுபடி ரத்தம் வாங்கி ஓட்டுவார். எண் ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்று வரும். பெற்றோர் நள்ளிரவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் ஓடாததும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் இருக்கிறது. பதினைந்து மணி நேரமாக லேபுக்குள் இருக்கிறவர், இரவு எட்டே முக்காலுக்கு, கடைசிப் பஸ்ஸை நினைத்துக்கொண்டே, அந்த ஸ்லைடைப் போடுவார் என்று எதிர்பார்க்கிறோம். பெரும்பாலும் போடுகிறார்கள். அவர்களுடைய மனசாட்சியை நம்பித்தான் இந்த ஊரின் வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது.

களைப்பு தவறில் முடியும் என்பதை எங்கள் துறை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. காசநோய்க்குச் சளி ஸ்லைடு பார்ப்பவர் ஒரு நாளில் இருபது, இருபத்தைந்து ஸ்லைடுக்கு மேல் பார்க்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே வரம்பு வைத்திருக்கிறது. கண் சோர்ந்தால் கிருமி இருந்தும் தெரியாது. ரத்தம் எடுக்கும் கைக்கும் அதுவே பொருந்தும். அவசரத்தில் ஊசியை இழுத்தால் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் ஏறித் தெரியும், இல்லாத கோளாறுக்கு ஒருவருக்கு வைத்தியம் தொடங்கும். ஊதா மூடி டியூபை முதலில் நிரப்பிவிட்டு அதே ஊசியில் சிவப்பு மூடிக்குப் போனால் பொட்டாசியம் கூடும், கால்சியம் குறையும். மெஷின் விலை எத்தனை லட்சமானாலும் இந்தத் தவறுகளை அது பிடிக்காது. அதற்கு முன்னாலேயே அவை நடந்துவிடுகின்றன.

ரிப்போர்ட்டை உலகம் நம்பியதால் நடந்த பெரிய காரியம் ஒன்று இதே சென்னையில் நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கியது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்தியம் பார்த்தவர்களும், நெரிசலான ஏழை வீட்டிலேயே இருந்து மாத்திரை விழுங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமானார்கள் என்று அங்கு நிரூபித்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தபின் உலகமெங்கும் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்தது. யாருக்குக் குணமானது, யாருக்கு ஆகவில்லை என்று தீர்மானித்தது மாதாமாதம் சோதித்த சளிதான். அந்த ஸ்லைடுகளையும் வளர்ப்புக் குப்பிகளையும் பார்த்து எழுதிய கைகளை நம்பி உலகம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நடத்தும் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டத்தில் நாடெங்குமுள்ள லேப்கள் தங்கள் எண்ணைச் சரிபார்த்துக்கொள்கின்றன. இப்படிப்பட்ட மாநிலத்தில் டெக்னீஷியன் வேலை "ஊசி குத்துற வேலை" என்று பேசப்படுவதைக் கேட்க எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

உங்கள் பக்கத்தையும் நான் அறிவேன். உங்களில் பலர் எங்களைப் போல டெக்னீஷியனாக இருந்து, நகையை வைத்து ஒரு செமி ஆட்டோ அனலைசர் வாங்கித் தொடங்கியவர்கள். கடைக்கு நீங்களும் வாடகை கட்டுகிறீர்கள். பெரிய நிறுவனங்கள் செல்போன் செயலியில் எழுபது பரிசோதனை ஒரே விலைக்கு என்று விளம்பரம் போட்டு உங்கள் நோயாளிகளை இழுக்கின்றன. கிட் விலை ஏறுகிறது, சர்க்கரைப் பரிசோதனையின் விலையை ஏற்ற முடியவில்லை. எல்லாம் உண்மை. ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து டெக்னீஷியன், ஆளுக்கு நாலாயிரம் கூட்டினால் மாதம் இருபதாயிரம். நாளைக்கு அறுபது நோயாளி, மாதம் இருபத்தாறு நாள் என்றால் 1,560 பேர். ஆளுக்குப் பதின்மூன்று ரூபாய்கூட வராது. ரிப்போர்ட்டைப் போட்டுக் கொடுக்கிற வழவழப்பான கவரைச் சாதாரணக் கவராக மாற்றினாலே அதில் ஒரு பங்கு வந்துவிடும்.

இன்னொரு தலைப்பில் போகிற பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கும் டாக்டருக்குப் போகிற பங்கு. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அதை வாங்கக்கூடாது என்று தெளிவாகத் தடை செய்திருக்கின்றன. கொடுக்காமல் தொழில் நடத்துகிற லேப்களும், கேட்காத டாக்டர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். கொடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பரிசோதனையைச் செய்யாதவருக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் ஒதுக்க முடிகிற இடத்தில், செய்கிறவருக்கு வாடகைப் பணம் இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. எல்லா லேபும் சேர்ந்து நிறுத்தினால்தான் நிற்கும் என்பீர்கள். அதற்குத்தான் உங்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. இந்த மடலைத் தனி ஆளுக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுவதும் அதனால்தான்.

பணம் அதிகம் தேவைப்படாத காரியங்களும் உண்டு. அவற்றை நாளைக்கே செய்யலாம். பிளவு ஷிஃப்டை எடுத்துவிட்டுக் காலை ஆளும் மாலை ஆளும் தனித்தனியாகப் போடுங்கள். கூடுதல் நேரத்துக்கு இரு மடங்குக்குக் குறையாத கூலி என்று 2019இன் ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்கிறது, அதை மணிக்கணக்கில் எழுதி வையுங்கள். வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்து வருகிறவருக்குப் பெட்ரோல் அவர் கைக்காசாக இருக்கக்கூடாது. லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கிறது. வட்டியில்லாமல் மூன்று மாத அட்வான்ஸ் தொகையைக் கடனாகக் கொடுத்து, ஆண்டுக்குள் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப் போனாலும் அட்வான்ஸ் வீட்டுக்காரரிடம்தான் இருக்கும், முழுகிப்போகாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையையும் உங்கள் செலவில் போடுங்கள். மருத்துவக் கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகள் அதை உங்கள் கடமை என்றே வைத்திருக்கின்றன. ஆனாலும் சேர்ந்து மாதங்கள் ஆகியும் ஒரு தவணைகூடப் போடாமல் ஊசியைக் கையாளும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

2021இல் நாடாளுமன்றம் எங்கள் தொழிலை மருத்துவம் சார்ந்த தொழில்களில் ஒன்றாக அங்கீகரித்துச் சட்டம் இயற்றியது. பதிவேடு வரும், படிப்புக்கு ஒரே தரம் வரும். நல்லது. அந்தச் சட்டத்தில் சம்பளத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அதைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

ஒரே ஒரு காரியத்தை இந்த மாதமே தொடங்குங்கள். ஆள் தேவை என்று கதவில் ஒட்டும் தாளிலும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அறிவிப்பிலும் "தகுதிக்கேற்ற சம்பளம்" என்று போடுவதை விட்டுவிடுங்கள். சம்பளம் இவ்வளவு, அதில் வாடகைக்கு இவ்வளவு, வேலை நேரம் இதிலிருந்து இதுவரை, பிடித்தம் போகக் கைக்கு வருவது இவ்வளவு என்று எண்ணில் எழுதுங்கள். தேர்வு முடிந்து எங்கள் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். எந்த லேபுக்குப் போகலாம் என்று என்னிடம் கேட்பார்கள். இந்த முறை நான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் பதில் சொல்லப் போகிறேன். என்னைப் போலச் சொல்லிக்கொடுக்கிற மற்றவர்களிடமும் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் சிலருக்கும் ஸ்லைடு போடக் கற்றுக்கொடுத்த ஒரு டெக்னீஷியன்
சென்னை